மனிதரை அளக்கலாமா?

கடைவீதியில் நெல்லை மரக்காலால் அளந்தோம். துணியை முழமிட்டு அளந்தோம். பொன்னைக் குன்றிமணி வைத்து நிறுத்த காலமும் உண்டு. அளவு பிசகினால் வணிகம் கெடும். வணிகம் கெட்டால் ஊரில் நம்பிக்கை கெடும். ஆதலால் சரியாக அளப்பவனை நேர்மையாளன் என்று உலகம் போற்றுகிறது. ஆனால், பொருளை அளந்த கை மனிதரையும் அளக்கத் தொடங்கினால் நம் உள்ளம் துணுக்குறுகிறது. ‘இவர் ஒன்று, அவர் நான்கரை’ என்று இரு மனிதர்மீது எண்களைப் பொறித்தால், அதனை நீதி என்போமா? அவமதிப்பு என்போமா?

இது பொழுதுபோக்குக்காக எழுப்பும் வினா அன்று. தம் நாட்டின் பெயரைத் தாங்கிக் களமிறங்கும் பெண்கள் பலர்மீது இவ்வாறு எண்கள் பொறிக்கப்படுகின்றன. அவர்கள் ஆடுவது சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. அந்த ஆட்டத்தின் விதிகளை ஒருமுறை கூர்ந்து நோக்கினால், மனிதரை அளப்பதன் நன்மையும் தீமையும் அங்கே அருகருகே நிற்பதைக் காணலாம். விளையாட்டில் நாட்டமில்லாத நேயர்களும் சற்றுப் பொறுமையோடு உடன்வர வேண்டுகிறோம். நாம் பேசப்போவது பந்தைப் பற்றி மட்டுமன்று.

ஆட்டம் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில், முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞர்கள் பல நாடுகளின் மருத்துவமனைகளை நிறைத்திருந்தனர். அமெரிக்காவில் அத்தகைய போர்வீரர் சிலர், தாங்கள் அமர்ந்திருந்த நாற்காலியை விட்டு எழாமலே கூடைப்பந்து ஆடத் தொடங்கினர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பணியாற்றிய லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், விளையாட்டை மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே கருதினார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்தவர் அவர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், தம் மருத்துவமனைத் திடலில் அவர் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். கலந்துகொண்டோர் 16 பேர். அவர்களுள் இருவர் பெண்கள். இன்று உலகம் அறிந்த பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்து அதுவே.

1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் நடைபெற்றபோது கூடைப்பந்தும் இடம்பெற்றது. ஆயினும் ஆடவருக்கு மட்டுமே. பெண்கள் எட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 1968இல் டெல் அவிவ் நகரில் நடந்த போட்டியில்தான் மகளிர் அணிகள் முதன்முதலாக மோதின. இஸ்ரேல் முதலிடமும், அர்ஜென்டினா இரண்டாமிடமும், அமெரிக்கா மூன்றாமிடமும் பெற்றன. பின்னர் 1992, 1996, 2000 ஆகிய மூன்று பாராலிம்பிக்கிலும் கனடா நாட்டுப் பெண்கள் தொடர்ந்து வென்றனர். 2012இல் ஜெர்மனியும், 2016இல் அமெரிக்காவும் வாகை சூடின. பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலும், 2024இல் நடந்த பாரிஸ் போட்டியிலும் நெதர்லாந்து மகளிர் தங்கம் பெற்றனர்.

திடல் மற்றவர்கள் ஆடும் அதே திடல்தான். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கூடையும் அதே உயரத்தில், தரையிலிருந்து 3.05 மீட்டரில் தொங்குகிறது. அமர்ந்து ஆடுகிறார்களே என்று இரக்கப்பட்டு அதை எவரும் தாழ்த்தவில்லை. நின்று ஆடுவோர் பந்தைத் தட்டாமல் நடக்கக்கூடாது. இவர்கள் பந்தைத் தட்டாமல் இரண்டு முறைக்குமேல் சக்கரத்தைத் தள்ளக்கூடாது. நாற்காலியும் ஆடுபவரின் உடலாகவே கொள்ளப்படும். தகாத முறையில் அதன்மீது மோதினால் அது ஆள்மீது மோதிய குற்றமே.

பதினான்கு என்னும் எல்லை

இனி, நாம் தொடங்கிய எண்களுக்கு வருவோம். சர்வதேசக் களத்தில் ஆடும் ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை, அரை அரையாக ஏறும் எட்டு எண்களில் ஒன்று வழங்கப்படும். மார்பையும் இடுப்பையும் தம் விருப்பப்படி இயக்க முடியாதவர், முன்னே சாய்ந்தால் கையை ஊன்றாமல் நிமிர முடியாதவர் ஒன்று என்னும் எண் பெறுவார். முன்னே சாயவும் இடம்வலம் திரும்பவும் வல்லவராயினும் பக்கவாட்டில் சாய்ந்தால் நிலைகுலைபவர் மூன்று பெறுவார். எல்லாத் திசையிலும் உடலைச் சாய்த்து நிமிர்த்த வல்லவர், காலில் மட்டும் குறையுடையவர், நான்கரை பெறுவார். களத்தில் ஒரே நேரத்தில் ஆடும் ஐவரின் எண்களைக் கூட்டினால் அது 14ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் குற்றம்.

இந்தக் கணக்கை நேயர்கள் சற்றே போட்டுப் பார்க்கட்டும். நான்கரை எண்ணுடையோர் ஐவரைச் சேர்த்தால் 22.5 ஆகிவிடும். மூவரைச் சேர்த்தாலே 13.5; எஞ்சிய அரையில் இன்னும் இருவரை அடக்க வழியில்லை. இருவரைச் சேர்த்தால் 9. மீதமுள்ள 5க்குள் மூவர் அடங்கவேண்டும். அப்படியானால் ஒன்று, ஒன்றரை, இரண்டரை என்று குறைந்த எண்ணுடையோரைத் தேடித்தான் ஆகவேண்டும். வலிமை மிக்கவர்களை மட்டுமே பொறுக்கி எடுத்து அணி கட்டும் வழியை இவ்விதி முற்றாக அடைத்துவிடுகிறது.

முன்னாளில் இந்த வகைப்பாட்டை மருத்துவரே செய்தனர். முதுகெலும்பில் அடி விழுந்த இடம் எது என்று நோயாளியைப் படுக்கவைத்துச் சோதித்து, தாளில் எழுதிக் கொடுத்தனர். 1980களின் தொடக்கத்தில் ஹோர்ஸ்ட் ஸ்ட்ரோகெண்டல் என்னும் ஜெர்மானியர் வகுத்த முறை இதனை மாற்றியது. ஆடுபவர் பந்தைப் பிடிக்கும்போதும், எறியும்போதும், சக்கரத்தைத் தள்ளும்போதும் அவர் உடல் என்ன செய்கிறது என்பதைக் களத்திலேயே கண்டு எண் வழங்கும் முறை அது. நோய் யாது என்ற கேள்வியின் இடத்தில், செயல் யாது என்ற கேள்வி வந்து அமர்ந்தது. சிறிய மாற்றம் போலத் தோன்றினும் இதில் ஒரு பெரிய அறம் அடங்கியிருக்கிறது. கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம் இல்லாததைத் தேடுவது ஒன்று. களத்தில் ஆடும் ஒருவரிடம் இருப்பதைக் காண்பது மற்றொன்று.

சலுகையா, இடமா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. குறைந்த எண்ணுடைய பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி விதி கட்டாயப்படுத்துகிறது. அப்படியானால் அவள் அணியில் இருப்பது அவளது திறமையாலா, விதியின் தயவாலா? விதி இல்லாவிட்டால் அவளை எவரும் அழைத்திருக்க மாட்டார்களே! இரக்கத்தால் கிடைத்த இருக்கையில் அமர்வது தன்மானமுள்ளவருக்கு ஏற்றதா?

இதற்கு விடை அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. நிற்பவர் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்துவைத்து விலகிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியால் அது முடியாது. அது முன்னே செல்லும், பின்னே செல்லும், இருந்த இடத்தில் சுழலும், பக்கவாட்டில் நகராது. ஆகவே, எதிரணியின் வலிமை மிக்க ஆட்டக்காரி செல்ல நினைக்கும் பாதையில் ஒருத்தி முன்கூட்டியே தன் நாற்காலியை நிறுத்திவிட்டால், அந்த வலிமை அங்கேயே முடங்கிப்போகும். அவள் சுற்றி வருவதற்குள், இந்த அணியின் உயரமான ஆட்டக்காரி கூடையின் அடியை அடைந்துவிடுவாள். பந்து கூடைக்குள் விழும்போது பார்வையாளர் எறிந்தவளைப் பார்த்துக் கைதட்டுவர். வழியை அடைத்து நின்றவளை ஆட்டம் அறிந்தவர்தாம் அறிவர்.

அப்படி வழியடைத்து நிற்கும் பணியைப் பெரும்பாலும் செய்பவர்கள் ஒன்று, ஒன்றரை என்ற எண்ணுடையவர்களே. மேலெழும்பிப் பந்தைப் பறிக்க அவர்களால் இயலாது. ஆயினும் எதிரி எங்கே திரும்புவாள் என்பதை ஒரு நொடி முன்னதாக உணர்ந்து அங்கே போய் நிற்க அவர்களால் இயலும். அது கண்ணின் வேலை; கணிப்பின் வேலை; பல ஆண்டுப் பயிற்சியின் பயன். ஒன்று என்னும் எண்ணுடைய பெண்களுக்குள்ளும் சிறந்தவர் உண்டு, சாதாரணமானவர் உண்டு. ஒரு நாட்டின் தேர்வாளர்கள் அந்த இடத்துக்கு எவரேனும் ஒருவரைப் பிடித்துப் போடுவதில்லை. கிடைத்தோருள் மிகச் சிறந்தவரைத் தேடியலைகிறார்கள். அவர் சரியாக அமையாத அணி, எத்தனை வலிய எறிகைக்காரர்களைப் பெற்றிருந்தும் தோற்கிறது.

இரக்கத்தால் தரப்படும் இருக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது. இரக்கம் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அவரிடம் எதையும் கேளாமல் இருந்துவிடும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் காரியம் நடக்கும். பதினான்கு என்னும் விதியோ, ஒருவருக்கு இடம் தந்து அந்த இடத்துக்குரிய கடமையையும் தந்துவிடுகிறது. அவர் தவறினால் அணி தோற்கும். கடமை உள்ள இடத்தில்தான் மதிப்பும் உண்டு. ‘உன்னால் முடியாது, நீ இரு’ என்று சொல்வது கனிவாகத் தோன்றலாம். ‘உன்னால் முடிவதை நீ செய்யாவிட்டால் நாங்கள் தோற்போம்’ என்று சொல்வதே கண்ணியம்.

ஆகவே, மனிதரை அளக்கலாமா என்ற வினாவுக்கு முதல் விடை இதுவாகிறது: ஒரு செயலுக்காக, ஓர் இடத்தைத் திறந்துவிடுவதற்காக அளக்கலாம். அந்த எண் களத்துக்குள் மட்டும் செல்லுபடியாகவேண்டும். ஒன்று என்ற எண்ணைப் பெற்றவள் நான்கரை பெற்றவளைவிட மனிதத்தன்மையில் மூன்றரை குறைந்தவள் அல்லள். படைத்தவன் முன்னிலையில் ஒருவரின் மதிப்பு அவர் இடுப்பின் அசைவைக்கொண்டு கணக்கிடப்படுவதில்லை என்பது நம் நேயர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

கோடு கிழிப்போரின் பொறுப்பு

இத்தோடு முடிந்துவிட்டால் நாம் இந்த விதியைப் புகழ்ந்துவிட்டு விடைபெறலாம். ஆனால் அளவுகோலுக்கு மறுமுனை ஒன்றும் உண்டு. எண் நான்கரையோடு முடிகிறது. அதற்கு அப்பால் ஒரு கோடு. அக்கோட்டுக்கு அப்புறம் நிற்பவர் ‘போதிய அளவு குறையுடையவர் அல்லர்’ என்று திருப்பியனுப்பப்படுவார்.

கோடே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்துப் போட்டியில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. அவ்வணியின் 12 பேரில் பத்துப் பேருக்கு அத்தகைய குறைபாடு எதுவுமே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் தண்டனை ஏமாற்றியவர்களோடு நிற்கவில்லை. அறிவுத்திறன் குறைபாடு உடையோர்க்கான போட்டிகள் யாவும் நிறுத்தப்பட்டு, 2012 லண்டன் பாராலிம்பிக்கில்தான் மீண்டன. சிலர் செய்த வஞ்சகத்தால், உண்மையில் அக்குறையோடு வாழ்ந்த எத்தனையோ பேரின் ஆண்டுகள் வீணாயின. நன்மை கிடைக்கும் இடத்தில் பொய்யரும் வந்து வரிசையில் நிற்பர் என்பதை மறந்துவிட்டு நீதி பேச முடியாது.

ஆயினும் மறுபக்கத்தையும் காணவேண்டும். 2020 சனவரியில் சர்வதேச பாராலிம்பிக் குழு, சக்கர நாற்காலிக் கூடைப்பந்தின் வகைப்பாடு தன் பொதுவிதிகளுக்கு ஏற்றதாக இல்லை என்று அறிவித்தது. 4.0, 4.5 ஆகிய எண்களையுடைய ஆட்டக்காரர்கள் யாவரையும் மறுபடி ஆராயவேண்டும், இல்லையேல் டோக்கியோவில் இவ்வாட்டத்துக்கே இடமில்லை என்றது. பாரிஸ் போட்டிக்கான பட்டியலிலிருந்தும் அப்போதைக்கு இவ்வாட்டத்தை நீக்கிவைத்தது. சீர்திருத்தங்கள் முடிந்த பின்னரே, 2021இல், அந்த இடம் திரும்பக் கிடைத்தது. பல ஆண்டுகள் தம் நாட்டுக்காக ஆடியவர்கள் சிலர், ஆடவரும் பெண்டிருமாக, ஒரே கடிதத்தில் வெளியே நின்றனர்.

அவர்களுள் ஒருவர் பிரிட்டனின் ஆடவர் அணியைச் சேர்ந்த ஜார்ஜ் பேட்ஸ். இளமையில் ஏற்பட்ட காயத்துக்குப் பின் அவர் காலில் தீராத கடும் வலி குடிகொண்டது. பொதுவிதியில் பத்து வகைக் குறைபாடுகள் மட்டுமே ஏற்கப்பட்டிருந்தன. வலி அவற்றுள் இல்லை. கால் இல்லாதவர் தகுதியுடையவர். கால் இருந்தும் வலியால் அதை ஊன்ற முடியாதவர் தகுதியற்றவர். விளையாட்டைத் தொடர்வதற்காகக் காலையே வெட்டிக்கொள்ளலாமா என்று எண்ணும் நிலைக்குத் தாம் தள்ளப்பட்டதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஓர் அளவுகோல், அளக்கப்படும் மனிதரை இத்தகைய எண்ணத்துக்கு இட்டுச்செல்லுமாயின், பிழை மனிதரிடம் இல்லை, கோலில் இருக்கிறது.

வலியை ஏன் விலக்கினர்? அது பொய் என்பதனால் அன்று. அதை அளக்கக் கருவி இல்லை என்பதனால். ஒருவர் ‘வலிக்கிறது’ என்றால் அவர் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. நம்பினால் பொய்யர் நுழைவர். இது பொய்யான அச்சமன்று. ஸ்பெயின் அணியின் கதையை இப்போதுதான் கண்டோம். இங்கேதான் நீதி உண்மையிலேயே இடர்ப்படுகிறது. பொய்யன் ஒருவன் உள்ளே வருவதும் அநீதி. மெய்யன் ஒருவன் வெளியே நிற்பதும் அநீதி. இரண்டையும் முற்றிலும் தவிர்க்கும் கோட்டை இதுவரை எவரும் கிழித்ததில்லை.

ஆயினும் இரண்டு அநீதிகளும் ஒரே எடை உடையன அல்ல என்பது நம் எண்ணம். பொய்யனைப் பின்னர் கண்டுபிடித்துப் பதக்கத்தைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றும் இருக்கிறார்கள். மெய்யனிடமிருந்து பறித்த இளமையை எந்தக் குழுவாலும் திருப்பித்தர இயலாது. ஆகவே, கோடு கிழிப்போர்க்குச் சில கடமைகள் உண்டு. ஏன் விலக்குகிறோம் என்பதை விலக்கப்பட்டவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும். அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். நேற்று ‘வா’ என்று அழைத்து ஆட்டத்தின் நடுவே நிறுத்திய ஒருவரை, இன்று விதியை மாற்றி வெளியேற்றுவதாயின் அதற்குரிய கால அவகாசம் தரவேண்டும். கருவியால் அளக்க முடியாதது இல்லாதது ஆகிவிடாது என்பதை எப்போதும் நினைவில் வைக்கவேண்டும்.

பெண்ணுக்கு ஒரு கணக்கு

மகளிர் விஷயத்தில் இந்த அளவுகோல் மேலும் ஒரு திருப்பம் கொள்கிறது. நாடுகளுக்கிடையிலான போட்டிகளில் ஆடவரும் மகளிரும் தனித்தனியே ஆடுகின்றனர். ஆனால் ஜெர்மனியின் உள்நாட்டுக் கழகப் போட்டிகளில் இருபாலாரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுகின்றனர். அங்கே ஒரு பெண் களமிறங்கினால் அவளது எண்ணிலிருந்து ஒன்றரையைக் கழித்துக்கொள்வர். அதனால் ஓர் அணி பெண்ணைச் சேர்த்தால், கூட்டுத்தொகையில் கொஞ்சம் இடம் மிஞ்சும்; அந்த இடத்தில் இன்னும் வலிய ஒருவரை நிறுத்தலாம்.

இதனைப் பெண்ணுக்கு இழுக்கு என்பாரும் உளர். அவளது வலிமையை விதியே குறைத்து மதிப்பிடுகிறதே என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. எனினும், அந்தக் கழிவு இல்லாவிட்டால் அப்பெண்களுட் பலர் பார்வையாளர் வரிசையிலேயே இருந்திருப்பர் என்பதையும் எண்ணவேண்டும். ஒவ்வொரு வாரமும் வலிய ஆடவர்க்கு எதிரே ஆடிப் பழகிய ஜெர்மானியப் பெண்கள் 2012இல் லண்டனில் தங்கம் வென்றனர்; 2016இல் ரியோவில் வெள்ளி பெற்றனர். ஒரு கழிவு ஒருவரைத் தாழ்த்துகிறதா, உயர்த்துகிறதா என்பதை, அதன் பயனாக அவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதைக் கொண்டே துணியவேண்டும்.

சமத்துவம் என்ற சொல்லையும் இங்கே சற்று உரசிப் பார்ப்போம். ரியோவிலும் டோக்கியோவிலும் ஆடவர் அணிகள் 12, மகளிர் அணிகள் 10. பாரிஸில் இரண்டும் எட்டெட்டு. எண் சமமாயிற்று, மகிழலாம் என்று தோன்றும். ஆனால் சமம் வந்தது எவ்வாறு? இரண்டு தட்டுகளிலிருந்தும் எடுத்து வெளியே வைத்ததனால் வந்தது. ரியோவிலும் டோக்கியோவிலும் ஆடிய அல்ஜீரிய மகளிர் அணி பாரிஸில் இல்லை. அந்த எட்டு மகளிர் அணிகளுள் ஆப்பிரிக்கக் கண்டத்தின் அணி ஒன்றேனும் இல்லை. தராசின் முள் நடுவில் நின்றால் மட்டும் நீதி நிறைந்துவிடாது. தட்டில் என்ன இருக்கிறது, எது இறக்கிவைக்கப்பட்டது என்றும் கேட்கவேண்டும்.

வாயிலுக்கு வெளியே

இதுவரை நாம் பேசிய அளவு யாவும் களத்தின் வாயிலை அடைந்தவர்க்கே உரியது. வாயிலை அடையுமுன்னரே அளந்து ஒதுக்கப்பட்டவர் கணக்கில் வருவதில்லை.

ஆப்கானிஸ்தானைக் காண்போம். போரும் கண்ணிவெடியும் இளம்பிள்ளை வாதமும் அந்நாட்டில் உடற்குறையுடையோரைப் பெருக்கின. காபூலில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மறுவாழ்வு நிலையத்தில், 1990 முதல் பணியாற்றிவந்த இத்தாலியரான அல்பெர்டோ கைரோவும், அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஸ் மார்க்ட்டும் இவ்விளையாட்டை வளர்த்தனர். பெண்களும் ஆடினர். 2017இல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்த போட்டிக்கு ஆப்கன் மகளிர் அணி சென்றது, வென்றும் வந்தது. அவ்வணியின் தலைவியாக விளங்கியவர் நிலோஃபர் பயாத். அவர் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது ஏவுகணை ஒன்று அவர் வீட்டின்மேல் விழுந்தது. முதுகில் காயமுற்ற அக்குழந்தை வளர்ந்து சட்டம் பயின்றார், நாட்டுக்காக ஆடினார். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அவர் நாட்டைவிட்டு வெளியேறி, ஸ்பெயினின் பில்பாவ் நகரில் புகலடைந்து அங்குள்ள கழகத்தில் ஆடினார்.

நாட்டின் பெயரைத் தாங்கி ஆடிய ஒருவருக்கு அந்நாட்டிலேயே ஆட இடமில்லாமற் போனது. அவரை அங்கே எவரும் ஒன்று, இரண்டு என்று அளக்கவில்லை; பெண் என்ற ஒரே அளவில் கணக்கு முடிந்துவிட்டது. பதினான்கு என்னும் விதி ஒருவரை அளந்து உள்ளே அழைக்கிறது; இந்த அளவோ, அளக்காமலே வெளியே தள்ளுகிறது. முன்னதைக் குறை சொல்லும் முன், பின்னது எத்தனை இடங்களில் ஓசையின்றி நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

நம் நாட்டிலோ கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் கதவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. இவ்விளையாட்டுக்கான இந்தியக் கூட்டமைப்பு 2014இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. அதனை முன்னின்று நிறுவிய மாதவி லதா, சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர். காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தைச் சேர்ந்த இஷ்ரத் அக்தர் என்னும் பெண் 2016இல் வீட்டு மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தார். மூன்றே ஆண்டுகளில், 2019இல் தாய்லாந்தில் நடந்த ஆசிய ஓசியானியப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினார். தேர்வுப் பயிற்சிக்காக அவர் பாரமுல்லாவிலிருந்து வந்து சேர்ந்த ஊர் சென்னை. நம் வீட்டு வாசலிலிருந்து சில மணி நேரத் தொலைவில் உள்ள களத்துக்கு, இமயத்தின் அடியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள்.

முதல் அளவு வீட்டில்

இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்ததாக 2014இல் அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய செய்தி. ஆனால் அதற்கு முன் அந்நோய்க்கு ஆளானவர்கள் இன்று நடுவயதினராக நம்மிடையே வாழ்கின்றனர். விபத்தும் பிறவிக்குறையும் நின்றுவிடவில்லை. தமிழகத்தில் ‘ஊனமுற்றோர்’ என்ற பழைய சொல்லைக் களைந்து ‘மாற்றுத்திறனாளி’ என்று வழங்குகிறோம். சொல் மாறியது நன்றே. சொல்லோடு நம் அளவுகோலும் மாறிற்றா?

திருமண வீட்டுக்கு எல்லோரும் புறப்படும்போது, ‘அவளுக்குச் சிரமம், அவள் வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று ஒரு மகளை விட்டுச்செல்லும் வழக்கம் நம் மஹல்லாக்களில் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அவள்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். அவளுக்கு வேளைக்கு உணவு உண்டு, உடை உண்டு, மருந்து உண்டு. அவளிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. வீட்டுக் கணக்கைப் பார் என்று சொல்வதில்லை. தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடு என்று சொல்வதில்லை. சம்பந்தம் பேசும்போது உன் கருத்து என்ன என்று கேட்பதில்லை. அவளுடைய எண் என்னவென்று நாமே முடிவுசெய்து, அந்த எண்ணுக்கு ஓர் இடம் இல்லை என்றும் முடிவுசெய்துவிட்டோம். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்தோம்.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தின் விதியை வகுத்தவர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். வலுவில்லாதவர் இல்லாமலே அணி நடக்குமாயின், வலியவர் அவரை விட்டுவிட்டே செல்வர். எத்தனை நல்லவராயினும் அப்படித்தான் செல்வர். ஆகவே அவர் இல்லாமல் அணியே அமையாது என்று விதி செய்தனர். வீட்டுக்கும் ஊருக்கும் அப்படியொரு சட்டத்தை எவரும் எழுதித் தரப்போவதில்லை. நாமேதான் அதை வகுத்துக்கொள்ளவேண்டும்: இந்த மகள் இந்த வேலையைச் செய்யாவிட்டால் அது நடக்காது என்று ஒரு வேலையையேனும் அவள் பொறுப்பில் விடவேண்டும். பள்ளிக்கூடத்தின் வாயிலில் படிக்கட்டு மட்டும் இருந்தால், அதன் அருகே ஒரு சாய்தளம் கட்டச் சொல்லி ஜமாஅத்தார் கேட்கவேண்டும். அவளால் என்ன முடியாது என்பதை நாம் நன்கறிவோம். என்ன முடியும் என்பதை அவளிடமே கேட்டறியவேண்டும்.

மனிதரை அளப்பது தீது என்று கண்ணை மூடிச் சொல்லிவிட முடியாது. அளந்துகொண்டுதான் இருக்கிறோம், நாள்தோறும், வீடுதோறும். அளந்து ஓர் இடத்தைத் திறந்துவிட்டால் அது நீதி. அளந்து கதவை அடைத்தால், எத்தனை கனிந்த குரலில் அடைத்தாலும், அது நீதியாகாது. நம் வீட்டில் அடைத்த கதவு ஏதேனும் உண்டா என்று இன்று இரவு உணவுக்கு எல்லோரும் ஒன்றாக அமரும்போது பார்த்துக்கொள்வோம். எல்லோரும் அமர்ந்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துக்கொள்வோம்.